வேழம் மிதியடியைத் தேடுமே

ஜன்னல், யானை, செருப்பு, நிலா, தேங்காய். ஐந்தே சொல். கடைக்குப் போகும்போது மனைவி பாவாத்தாள் இதைவிட நீளமாக வாயால் ஒப்பித்து அனுப்புவாள், அர்த்தநாரியும் உளுந்து முதல் ஊதுவத்தி வரை ஒன்று விடாமல் வாங்கி வருவார், அதெல்லாம் போன வருஷம் வரைக்கும். ஜன்னல், யானை, செருப்பு, நிலா, தேங்காய். உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மனநல ஆலோசகர் நஸ்ரின், சின்ன வயசுதான், இந்த ஐந்தையும் நிறுத்தி நிறுத்திச் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்லவும் வைத்து, "கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் கேப்பேன் சார், எழுதி வெச்சுக்கக் கூடாது. அம்மா, நீங்க எடுத்துக் கொடுக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளியே யாரோ ஒரு பெண் பெருங்குரலில் அழுதபடி வந்துவிட, "ஒரு அவசரம் சார், வெளிய உட்காருங்க, கூப்பிடறேன்" என்று இரண்டு பேரையும் அனுப்பிவிட்டார். ஆகவே இப்போது பெருந்துறை ரோட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் நடைபாதையில், ஓட்டை ஓட்டையாகப் போட்ட இரும்பு நாற்காலியில், அர்த்தநாரி ஐந்து சொற்களை மடியில் கட்டிக்கொண்ட மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார். அசைந்தால் ஏதாவது ஒன்று உருண்டு நாற்காலிக்கு அடியில் போய்விடும். பக்கத்தில் பாவாத்தாள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, இரண்டு கன்னமும் லேசாக உப்பியிருக்க, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாவாத்தா, மௌன விரதமா?"

"பேசுனா வாய்ல வந்துருமுங். யானைங்கறதுக்கு மேல நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

"சொல்லிட்டியே."

"ஐயோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். "அது கணக்குல சேராதுங். நீங்க அக்கட்டால திரும்பி உட்காந்து உங்க வேலையைப் பாருங்."

அக்கட்டால திரும்பினால் சுவரில் ஒரு பலகை. 'மன அழுத்தமா? மனம் விட்டுப் பேசுங்கள்.' கீழே மேகத்துக்கு நடுவில் ஒரு தலை. அர்த்தநாரிக்குப் பலகைகளைப் படித்துவிட்டுச் சும்மா இருக்கும் பழக்கம் கிடையாது. அழுத்தம் வேறு, சோர்வு வேறு ஐயா. அழுத்தம் என்பது வெளியிலிருந்து ஒன்று வந்து அமுக்குவது, வேலை, கடன், மருமகள் மாதிரி. அது விலகினால் மனசு மேலே எழும்பும். சோர்வு என்பது அமுக்க யாருமே இல்லாமல் கீரைக்கட்டு சாயங்காலத்தில் துவள்வது. பத்திரிகைக்காரர்கள் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார்கள், ஆஸ்பத்திரிக்காரர்களும் அப்படியே எடை போடுகிறார்கள். அவருக்கு வேண்டியது சோர்வு. தெளிவாக, மனச்சோர்வு. போன வாரம் நஸ்ரின் இதை விளக்கியபோது தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்: மனம் சோர்ந்திருந்தாலும் மறதி வரும், சோர்வு தீரத் தீர நினைவும் பெரும்பாலும் திரும்பும். ஆனால் மறதியே நோயாக வருவதும் உண்டு, அது திரும்புகிற பாதை அல்ல. இரண்டில் எது என்று பார்க்கத்தான் இந்தக் கேள்விகள், சில பேருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். அன்றிலிருந்து அர்த்தநாரி, ஈரோட்டிலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும், தமக்கு மனச்சோர்வு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார். எந்தச் சாமியிடம் என்பதுதான் சிக்கல். பெயர் கொடுத்த திருச்செங்கோட்டுச் சாமியிடம் கேட்கலாம்தான், ஆனால் அவர் பாதி இது பாதி அது என்று நிற்கிறவர், வரத்தையும் அப்படியே பாதிப் பாதியாகக் கொடுத்துவிட்டால்? ஆகவே பொதுவாக, மேலே பார்த்துக் கேட்டுக்கொண்டார்.

ஜன்னல், யானை, செருப்பு, தேங்காய். சரி. ஜன்னல், யானை, செருப்பு, தேங்காய். விரலை மடக்கிப் பார்த்தார், சுண்டுவிரல் சும்மா நின்றது. இப்படித்தான், இப்படியேதான், மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றுகொண்டு எங்கே போகக் கிளம்பினோம் என்று தெரியாமல், கையில் காலிப் பையோடு, பை எதற்கு என்றும் தெரியாமல், போகிற பஸ்களின் பலகையை எல்லாம் படித்துப் பார்த்தது, அதில் ஒன்றாவது நாம் போக வேண்டிய ஊராக இருக்குமோ என்று. வீட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்துகொண்டு. சாம்பாரில் சர்க்கரை போட்டது போகட்டும், அது தஞ்சாவூரில் குற்றமில்லையாம். முப்பது வருஷம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவனின் பெயரை அவன் வீட்டு வாசலிலேயே நின்று மறந்தது. அப்புறம் விடியற்காலைகள். கண் விழிக்கிறபோதே நெஞ்சின்மேல் ஐம்பது கிலோ கல், அதுவும் முத்திரை குத்திய சரியான கல், ஒரு கிராம் குறையாது. எழுந்து பல் தேய்ப்பது என்பதே யாரோ பெரிய மனிதர்கள் செய்கிற காரியம் போலத் தோன்றும். ஏன் சார், என்ன குறை உங்களுக்கு, பென்ஷன் வருகிறது, பையன் நன்றாக இருக்கிறான் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. குறை இருந்தால் அழுத்தம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பாரே. நிலா! நிலாதான். அப்பாடா. நிலா எங்கேயும் போகவில்லை, யானைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

இதைச் சில்லறையாக விட்டுவைத்தால் சிந்திவிடும், கட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. மூட்டைக்குச் சணல், சொல்லுக்கு வெண்பா. வெண்பாவில் ஒரு சீரையும் அடுத்த சீரையும் சேர்க்கிற முடிச்சுக்குத் தளை என்றே பெயர். கட்டு, விலங்கு. ஒன்று கழன்றால் மற்றது காட்டிக்கொடுத்துவிடும், ஊரில் எல்லாக் கட்டும் தளர்ந்தாலும் வெண்பாவின் கட்டுத் தளராது. வேலையில் இருந்த காலத்தில் அவர் முத்திரை ஆய்வாளர், அதாவது கடைத் தராசும் படிக்கல்லும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து முத்திரை குத்துகிறவர், இல்லாவிட்டால் பிடுங்கிக்கொண்டு போகிறவர். மஞ்சள் மண்டியில் மூட்டை எடை போட்டு முடிகிற வரைக்கும் பொழுது போகாமல் இரண்டடி வெண்பாவாகக் கட்டிக்கொண்டே நிற்பார். ஒருவருக்கும் காட்டியதில்லை. எடையில் மயிரிழை பிசகக் கூடாது, இதிலும் அசை பிசகக் கூடாது, அந்த ஒற்றுமையே போதுமானதாக இருந்தது. கட்டி எத்தனை காலமாயிற்று. சரி, முதலில் ஜன்னல். ஜன்னல் போர்த்துக்கீசியன் வந்து விட்டுப்போன சொல். வெண்பாவின் முதல் சீரிலேயே ஜகரத்தை நிறுத்தினால் நன்றாகவா இருக்கும்? சாளரம். அதுவும் எங்கிருந்தோ வந்ததுதான் என்று சொல்வார்கள், வந்து நெடுநாளாயிற்று, குடியுரிமை கொடுத்துவிடலாம். சாளரத்தே. நேர் நிரை நேர், காய்ச்சீர், அடுத்தது நேரில் தொடங்க வேண்டும். யானை. பொருந்துகிறது. அடுத்து செருப்பு. வெண்பாவில் செருப்போடு நுழைவதா, மிதியடி என்போம். மிதியடியைத். அப்படியானால் யானையைவிட வேழம் தேவலை, வேக்கும் மிக்கும் மோனை. சாளரத்தே வேழம் மிதியடியைத். அந்த வேழம் என்ன செய்கிறது? தேடுகிறது. தேடுமே. அவர் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. ஜன்னலோரம் ஒரு யானை தன் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கிறது. நான்கு செருப்பு வேண்டும் அதற்கு, இரண்டு ஜோடி. கோயில் வாசலில் விட்டுவிட்டு வந்திருக்கும், திரும்பி வந்தால் மூன்றுதான் இருந்திருக்கும், காவலுக்கு இருந்தவனிடம் தும்பிக்கையை நீட்டி நீட்டிக் கேட்டிருக்கும்.

"என்னுங், தனியாச் சிரிக்கறீங்?"

"ஒண்ணுமில்லை. தளை பாக்கறேன்."

"தலையா? வலிக்குதுங்களா?"

"தளை, பாவாத்தா. பெரிய ளை."

"எந்த ளையா இருந்தாலும் அமுக்கிட்டு வாயை மூடுங். அங்க ஒரு அம்மா அழுதுட்டு இருக்குது."

எதுகை. சாளரத்தே என்றால் அடுத்த அடி ளகரத்தில் வர வேண்டும். நாளும், கேளாய், தாளால். வாளா. ஆகா, வாளா. சும்மா, பேசாமல், காரணமில்லாமல். வாளாவுக்கு மோனையாக நிலா உதவாது, மதி உதவும். வாளா மதி. கடைசிச் சீருக்குத் தேங்காய் அமையாது, வெண்பா அப்படி முடியாது. தெங்கு, காசு என்னும் வாய்பாடு, கச்சிதம். வாளா மதியுண்ணும் தெங்கு. மனசுக்குள் சேர்த்துச் சொல்லிப் பார்த்தார்:

சாளரத்தே வேழம் மிதியடியைத் தேடுமே
வாளா மதியுண்ணும் தெங்கு.

யானை செருப்பைத் தேடுகிறது. அந்த அமளியைச் சட்டையே செய்யாமல் தென்னை பேசாமல் நிலாவைத் தின்றுகொண்டிருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று யாராவது கேட்டால் அர்த்தம் கிடையாது. ஆனால் எடை சரியாக இருக்கிறது. ஒவ்வொரு தளையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், ஒன்றும் தட்டவில்லை. முதலடியின் முதல் சீருக்கு மோனை இல்லை, போகட்டும், பாதகமில்லை. காலை ஆட்டிக்கொண்டிருந்தார் என்பது கால் ஆடிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கே தெரிந்தது. நடைபாதைக் கோடியிலிருந்து யாரோ காப்பி எடுத்துப் போகிறார்கள், அந்த வாசனை நன்றாக இருக்கிறது. வாசனை நன்றாக இருக்கிறது என்று தோன்றியதே பெரிய விஷயம், எத்தனையோ மாதமாகக் காப்பிக்கு வாசனை மட்டும் இருந்தது, நன்றாக என்பது இல்லை. அர்த்தநாரி சந்தோஷமாக இருந்தார். அதைக் கண்டுபிடித்த மறுகணம் அவருக்குப் பகீர் என்றது.

சந்தோஷமாக இருக்கலாமா? கதவைத் திறந்து கூப்பிடுவார்கள், உள்ளே போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தால், இவருக்குச் சோர்வு ஒன்றும் இல்லையே என்று அந்தப் பெண் எழுதிவிடாதா? சோர்வு இல்லை என்றால் மணிக்கூண்டுப் பக்கம் நின்றதற்கு வேறு காரணம் என்ன? அது ஒன்றுதான். இரண்டு கல்தான் பெட்டியில், இதை எடுத்துவிட்டால் மிச்சம் அது. முதல்நாள் வந்தபோது, இன்னைக்கு மனசு எப்படி சார், ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க என்று கேட்டதற்கு, அளவுகோல் முத்திரை போட்டதா என்று இவர் விளையாட்டாகக் கேட்க, அப்போதே அந்தப் பெண் புருவத்தை உயர்த்தியது. ஆகவே இப்போது அவசரமாக ஏதாவது துக்கம் வேண்டும். அதற்கு என்ன பஞ்சம், நினைவில் கிடங்கு கிடங்காகக் கிடக்கிறதே. நேற்று வரைக்கும் கேட்காமலேயே வந்து மேலே விழுந்ததெல்லாம் எங்கே? விடியற்காலையில் வரிசை கட்டி வந்து நிற்குமே, பதவி உயர்வு கொடுக்காதது, யாரையோ அநியாயமாகத் திட்டியது, தம்பி பேசாமல் போனது, மஞ்சள் மண்டியில் வியாபாரிகள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். வாருங்களப்பா. கண்ணை மூடினார். முகத்தைத் தொங்கப்போட்டார். வந்தது புளிக்காரி.

புளிக்காரி என்றால் புளி விற்கிறவள் இல்லை, தக்காளி விற்றவள். சந்தையில் சின்னத் தராசு வைத்திருந்தாள். சரக்கு வைக்கிற தட்டுக்கு அடியில் எலுமிச்சை அளவு புளியை அப்பியிருந்தாள், அது பழைய தந்திரம், வாங்குகிறவன் கண்ணுக்குத் தட்டின் மேல்பக்கம்தானே தெரியும். அர்த்தநாரி வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். ஓடவில்லை. தட்டைத் திருப்பினாள், புளியைச் சுரண்டினாள், வாயில் போட்டுக்கொண்டாள். அவர் வந்து நின்றபோது தராசு உத்தமமாக நின்றது, அவள் மட்டும் ஒரு கண்ணைச் சுருக்கி, தாடையைக் கோணி, உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய், "கும்பிடறேனுங் சார்" என்றாள். என்னம்மா வாயில் என்றதற்கு, "மசக்கைங் சார்" என்றாள். அறுபது வயசு. அவர் நோட்டீசும் கொடுக்கவில்லை ஒன்றும் கொடுக்கவில்லை, சாட்சியத்தை முழுங்கினவளை எந்தப் பிரிவில் பிடிப்பது, நேராக ஜீப்பில் ஏறி உட்கார்ந்து ஓட்டுநரிடம் வண்டியை எடு எடு என்று... கண்ணைத் திறந்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பாவாத்தாள் முறைத்தாள். இல்லை, இது உதவாது. பெரிய துக்கமாக எடுக்க வேண்டும். எதைத் தொட்டால் நிச்சயமாக உடைவாரோ அதை எடுக்க வேண்டும். அப்பாவை.

அப்பா திருச்செங்கோட்டில் மளிகைக் கடை வைத்திருந்தவர். கடைசியில் இரண்டு வருஷம் இவர்களோடுதான் இருந்தார். நினைவு ஒவ்வொரு அறையாக விளக்கணைத்துக்கொண்டே போன மாதிரி போயிற்று. பேரன் பெயர் போயிற்று, செத்துப்போன அம்மா செத்தது போயிற்று, கடைசியில் ஒருநாள் அர்த்தநாரி ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் நுழைந்தபோது, கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா மேலும் கீழும் பார்த்துவிட்டு மருமகளைக் கிட்டே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "பாவாத்தா, ஆய்வாளன் வந்திருக்கான். தராசை எடுத்து உள்ள வை" என்றார். இது அந்த நினைவு. இந்த ஒரு வருஷத்தில் எத்தனை விடியற்காலை இதே இடத்தில் வந்து முட்டி நின்றிருப்பார். பெற்ற மகனை அதிகாரியாகப் பார்த்த முகம். பயந்த முகம். அந்த முகம் நாளைக்குத் தன் கழுத்துக்கு மேல் வரப்போகிறது, ஒருநாள் இந்தப் பாவாத்தாளைப் பார்த்து யாரம்மா நீ என்று கேட்கப்போகிறோம் என்ற இடத்துக்கு வந்ததும் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வார். வா, இப்போது வா. வந்தது. கட்டில் வந்தது, அப்பாவின் முண்டாசு வந்தது, குரலைத் தாழ்த்தியது வந்தது. ஆனால் கூடவே வேறு ஒன்று வந்தது, அது அங்கேயே இருந்தது, இத்தனை விடியற்காலையும் அது வரவேயில்லை: பாவாத்தாள் அன்றைக்குச் சிரிக்காமல், "ஆமாங் மாமா" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய், தராசு ஏது, இட்லிப் பானையை எடுத்துப் பரண்மேல் வைத்தது. அப்பா எட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டியது. அப்புறம் இவர் பக்கம் திரும்பி, நல்ல வியாபாரக் குரலில், "வாங்க சார், உக்காருங்க, நம்ம கடைல எல்லாம் கரெக்டா இருக்கும். எங்க பையன்கூட உங்க டிப்பார்ட்மெண்ட்லதான் இருக்கான், கெட்டிக்காரன்" என்றது.

கெட்டிக்காரன். புத்தியோடு இருந்த காலத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து வராத சொல். மறதியில்தான் சொன்னார், அதுவும் மூன்றாம் மனிதரிடம், ஆனால் சொன்னார். இது எங்கே போயிருந்தது? இதே நாள், இதே கட்டில், இதே பேச்சின் அடுத்த வாக்கியம். முதல் பாதியைத் தினமும் எடுத்துக்கொடுத்த நினைவு, இரண்டாம் பாதியை ஒருநாளும் எடுத்துக்கொடுக்கவில்லையே. அர்த்தநாரிக்குச் சட்டென்று தம் வேலையின் முதல் பாடம் ஞாபகம் வந்தது. தராசைச் சோதிக்க வேண்டுமானால் முதலில் கல்லை வைக்காதே, சரக்கை வைக்காதே, வெறும் தட்டைப் பார். வெறும் தட்டே ஒரு பக்கம் சாய்ந்தால் அதில் எதை நிறுத்தாலும் பொய். காலையில் எழுந்தவுடன் இவர் தம் ஆயுளை எடுத்து நிறுத்துக் கொண்டிருந்தாரே, அந்தத் தராசின் அடியில் யார் பார்த்தார்கள்? அடியில் புளி. எலுமிச்சை அளவு. சோர்வு என்பது துக்கம்கூட இல்லை, துக்கத்தின் பக்கமாகத் தட்டை இழுக்கிற பிசுக்கு, அவ்வளவுதான். நினைவு ஒன்றும் தொலைந்துவிடவில்லை, சாய்ந்த பக்கத்துச் சரக்கை மட்டும் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. இன்றைக்கு ஒரு யானை வந்து இன்னொரு பக்கத்தை மிதித்துவிட்டது, சரக்கும் மாறிவிட்டது. அவ்வளவு நியாயமாக யோசித்துக்கொண்டு வந்தவருக்கு, அப்படியானால் இன்றைய எடையும் பொய்தானே, இது இந்தப் பக்கத்துப் புளிதானே என்ற சந்தேகமும் வந்தது. வரும், முப்பது வருஷப் புத்தி. அந்தச் சந்தேகம் முடிவதற்குள் கதவு திறந்தது.

"சார், வாங்க. அம்மா, நீங்களும் வாங்க."

உள்ளே போய் உட்கார்ந்தார். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பாஸ்போர்ட் படத்துக்கு வைத்துக்கொள்வது போல வைத்துக்கொண்டார்.

"காக்க வெச்சிட்டேன், மன்னிச்சுக்குங்க. நான் அஞ்சு வார்த்தை சொன்னேனே, ஞாபகம் இருக்கா சார்?"

"இருக்கு" என்றார் அர்த்தநாரி. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். முதுகு நிமிர்ந்தது. "சாளரத்தே வேழம் மிதியடியைத் தேடுமே, வாளா மதியுண்ணும் தெங்கு."

நஸ்ரினின் பேனா தாளுக்கு மேலேயே நின்றுவிட்டது. பாவாத்தாள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள், வண்டி தண்டவாளத்தை விட்டு இறங்கியதைப் பார்க்கிற மாதிரி.

"சார்... ரொம்ப நல்லா இருக்கு. ஆனா நான் சொன்னது இதுல ஒண்ணுகூட இல்லையே."

ஒன்றுகூட இல்லை. ஐந்து மூட்டையையும் எவ்வளவு கெட்டியாகக் கட்டினார். கட்டுகிற அக்கறையில் உள்ளே இருந்த சரக்கை எல்லாம் மாற்றிக் கட்டியிருக்கிறார். காது சூடாகியது. எடைக்கல்லை மாற்றியவனைப் பிடிக்கிற வேலை பார்த்தவர். இப்போது அவிழ்க்க வேண்டும், திரும்ப, ஒவ்வொன்றாக, வந்த வழியே. சாளரம். அது எளிது, கோபம் வந்த சொல் மறக்காது. "ஜன்னல்" என்றார். நஸ்ரினின் பேனா அசைந்தது. வேழம், வேழம் என்றால் கரும்பும்தான், நாணலும்தான், இதில் எதைச் சொல்லியிருப்பாள், கரும்பு செருப்புப் போடாது. "யானை." மிதியடி, அவமானம் பார்த்து மாற்றியது. "செருப்பு." தெங்கு. "தேங்காய்." நான்கு. மதி. மதி என்றால்? மதி என்றால் அறிவு, மதி என்றால் புத்தி, மதி என்றால் மதிப்பாயாக, மதி என்றால் இன்னொன்று, உருண்டையாக, வெளிச்சமாக. நினைவைச் சோதிக்கிற இடத்தில் இந்தப் பெண் எதைச் சொல்லியிருப்பாள்? பாவாத்தாளின் பக்கம் பார்க்கக் கூடாது. பார்க்கவில்லை. ஆனால் அவள் மூச்சை உள்ளே இழுத்து வெளியே விடாமல் வைத்திருப்பது அவருக்குக் கேட்டது.

"புத்தி" என்றார்.

"இல்லை சார்."

மூச்சு வெளியே வந்தது.

"புத்தி போனால்," என்றார் அர்த்தநாரி மெதுவாக, தமக்கே சொல்லிக்கொள்வது போல, "மிச்சம் நிலா."

"நிலாதான்!" என்றாள் பாவாத்தாள், உள்ளங்கையால் மேசையைத் தட்டி. அப்புறம், "இப்ப சொல்லலாந்தானுங்?" என்று நஸ்ரினைக் கேட்டாள்.

நஸ்ரின் சிரித்துக்கொண்டே எதையோ நெடுநேரம் எழுதினார். இதற்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று தங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை என்றார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, ஒரு நாள் பார்த்ததை வைத்து முடிவாக எதுவும் சொல்ல மாட்டேன், டாக்டரும் மறுபடி பார்க்க வேண்டும், சில மாதம் கழித்துத் திரும்பவும் பார்க்க வேண்டும் என்று பதவிசாகச் சொல்லிக்கொண்டு வந்து, "ஆனா இதுவரைக்கும் பார்த்ததெல்லாம் சேர்த்து வெச்சா, சார், எனக்கு இது மனச்சோர்வாத்தான் தெரியுது. டாக்டரும் அதுக்குத்தான் முதல்ல மருந்து கொடுக்கணும்னு சொன்னார்" என்றார்.

"எனக்கு மனச்சோர்வா?" என்றார் அர்த்தநாரி.

"ஆமா சார்."

"நிச்சயமா?"

"இப்போதைக்கு அப்படித்தான் சார்."

அவர் எழுந்து கும்பிட்டார். தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி நடைபாதையில் நடந்தார். எதிரே வந்த நர்ஸிடம், "எனக்கு மனச்சோர்வாம்மா" என்றார், பல்லெல்லாம் தெரிய. அந்தப் பெண் ஒதுங்கி வழிவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு எதிரே நன்னாரி சர்பத் கடை நிழலில் இருவரும் நின்றார்கள். வெயில் சுள்ளென்று இருந்தது, பஸ்கள் போயின, பலகைகளைப் படிக்கத் தோன்றவில்லை. பாவாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், வேர்வை என்றாள், அவர் சரி என்றார்.

"பாவாத்தா, அன்னைக்கு அப்பா முன்னாடி இட்லிப் பானையைத் தூக்கிப் பரண்ல வெச்சியே."

"அது எதுக்குங் இப்ப?"

"அதை எப்ப இறக்குனே?"

"எங்க இறக்குனேன்? எட்டிப் பாத்துப் பாத்து, இருக்குதா இருக்குதான்னு கேப்பாருங். எடுத்தா கண்டுபிடிச்சிருவாரு. ஒரு மாசம் நம்மூட்டுல தோசைதான். நீங்க ஒரு வார்த்தை கேக்கலை. என்ன தினமும் தோசைன்னு கேக்காம தின்னீங்களே, அப்பவே உங்களைக் கொண்டாந்து இங்க காட்டியிருக்கோணும்."

வாய் நிறைய சர்பத் இருந்த சமயம் அது. அர்த்தநாரி எவ்வளவோ அடக்கிப் பார்த்தார். மூக்கில் ஏறி, கண்ணில் நீர் வந்து, வாயிலிருந்து அவ்வளவும் சீறி, பாவாத்தாளின் கிளிப்பச்சைச் சேலையில் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் சிவப்பாக விழுந்தது. அவள் கீழே பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கடைக்காரர் துணியை எடுத்து நீட்டினார்.

சிரித்து ஓய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது, ஓய்ந்த இடத்தில் அந்தப் பழைய பயம் மெல்ல எட்டிப் பார்த்தது, அதுவும் நியாயமான பயம்தான். மருந்து நாளைக்கே வேலை செய்துவிடாது. விடியும். கல் வந்து உட்காரும். தட்டு அந்தப் பக்கம் சாயும்.

"பாவாத்தா, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. நாளைக்குக் காலைல நான் எந்திரிச்சு, எனக்குச் சிரிப்பு வந்தே வருஷமாச்சுன்னு சொல்லுவேன். சத்தியம் பண்ணுவேன். இன்னைக்கு நடந்தது எதுவும் எனக்கு நடந்த மாதிரியே இருக்காது. நம்பிராதே."

"நம்ப மாட்டேனுங்."

"நீ சொல்றதையும் நான் நம்ப மாட்டேன். சாட்சி கேப்பேன். நான் எப்படிப்பட்ட ஆளுன்னு உனக்குத் தெரியும்."

கடைக்காரர் துணியை இன்னும் நீட்டிக்கொண்டுதான் இருந்தார். பாவாத்தாள் அதை வாங்கவில்லை. ஈரச் சேலையை உதறி, கறை நன்றாக வெளியே தெரிகிறபடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"துவைக்காம வெக்கறேனுங்" என்றாள்.